பிடி

பூவரசங் கட்டையில் கடைந்த கிண்ணம் ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஆறு அங்குல அகலம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் பக்கம் சாய்ந்த மரத்தின் கிளை அது. கையில் எடுப்பவர்கள் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். வெளிறிய மரம் உள்ளே போகப் போகக் கருஞ்சிவப்பாக மாறுவதைச் சொல்லி வியப்பார்கள். நான் அதைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பாதத்தைச் சுற்றி எட்டு வடுக்கள். ஒவ்வொன்றும் நெல் முனை அளவு. இரண்டிரண்டாக, நான்கு இடங்களில். கடையும்போது கிண்ணத்தைப் பிடித்திருந்த சக்கின் தாடைகள் பதித்தவை. உளி எப்படிப் போனது என்பதை விளிம்பு சொல்லும். பிடி எப்படி இருந்தது என்பதை அந்த எட்டுப் புள்ளிகள் சொல்லும்.

தச்சு வேலையில் மற்றவற்றுக்கெல்லாம் ஆயுதம் செய்யும் காரியமே பெயர். அறுப்பது, இழைப்பது, செதுக்குவது, துளைப்பது. லேத்தில் மரத்தை உருட்டும் வேலைக்கு மட்டும் ‘கடைசல் பிடிப்பது’ என்கிறோம். கட்டில் காலுக்குக் கடைசல் பிடிக்கணும், தொட்டில் கம்புக்குக் கடைசல் பிடிச்சுக் கொடுத்தார் என்பதுதான் வழக்கு. மரம் சுழல்கிறது, உளி வெட்டுகிறது, சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. சொல்லோ பிடியில் போய் நிற்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான். சொந்தமாக ஒரு சக் வாங்கிய பிறகே அதன் பொருத்தம் எனக்கு உறைத்தது. சுழற்ற மோட்டார் இருக்கிறது, வெட்ட உளி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, மரத்தை மையம் தவறாமல் ஏந்திக்கொண்டிருப்பதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது.

கடைதல் என்ற சொல்லும் நயமானது. தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். பழைய காலத்துக் கடைசல் பட்டறையை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவில் மரம். மரத்தில் சுற்றிய கயிறு. ஒருவர் கயிற்றின் இரு தலைப்பையும் மாறி மாறி இழுப்பார். மற்றவர் தரையில் உட்கார்ந்து உளியை வைப்பார். கால் விரல்களாலும் அதை அணைத்துக்கொள்வார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். தன்னை நோக்கி வரும் சுற்றில் மட்டும் உளி வெட்டும். மத்தும் கயிறும் செய்வது இதே வேலை. பாற்கடலைக் கடைந்த கதையிலும் முதலில் வந்த சிக்கல் பிடிமானம்தான். மந்தர மலை மத்து, வாசுகி கயிறு, இழுப்பதற்கு இரு பக்கமும் ஆட்கள். எல்லாம் இருந்தும் அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் மலை அமிழ்ந்துபோனது. ஆமை வந்து முதுகு கொடுத்த பிறகே கடைசல் நடந்தது. லேத் பட்டறைப் பேச்சில் சொன்னால், அப்போதுதான் சென்டர் கிடைத்தது.

இரண்டு முனைக்கு நடுவில் மாட்டினால் மத்து கடையலாம், பூரிக்கட்டை கடையலாம், கட்டில் கால் கடையலாம். கிண்ணம் கடைய முடியாது. உள்ளே குடைய வேண்டும் என்றால் ஒரு முகம் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே பிடித்து, மறுபக்கத்தை உளிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மரச் செப்புச் சாமான் கடைபவர்கள் இதற்கு எளிய வழி கண்டிருந்தார்கள். சென்னபட்டணா பொம்மைப் பட்டறைகளில் பார்க்கலாம்: சுழலும் தலையில் ஒரு குழி, அதற்குள் மரக்கட்டையைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுவார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் ஒன்றைக் கடைந்து, அரக்குக் குச்சியை அழுத்தி, சூட்டில் உருகும் நிறத்தைத் தாழை ஓலையால் மெருகேற்றி, அறுத்து எடுப்பார்கள். பிறகு அடுத்தது. அழகான முறை. ஆனால் அறுத்து எடுத்ததை மறுபடி அதே மையத்தில் மாட்ட முடியாது. கழற்றவும், திருப்பவும், மறுநாள் அதே இடத்தில் மாட்டவும் வேண்டுமானால் சக் வேண்டும்.

சக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கள் ஊரை விட நல்ல ஊர் கிடையாது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு லேத் ஓடும் சத்தம். 1964-இல் தொடங்கிய எஸ்டேட். ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதற்கு முன்பே சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம். இந்த வட்டாரத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒரு டர்னரோ ஃபிட்டரோ இருப்பார் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். எங்கள் தெருவிலும் ஓர் அண்ணன் உண்டு. முப்பது வருடம் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். என் மர லேத்தை முதன்முதலாகப் பார்த்தபோது மோட்டாரைப் பார்க்கவில்லை, உளியைப் பார்க்கவில்லை. ஸ்பிண்டில் மூக்கை விரலால் தடவிவிட்டு, “சக் எங்க தம்பி?” என்றார்.

இரும்புப் பட்டறையில் இரண்டு வகை சக் புழங்கும். மூன்று தாடை சக்கில் சாவியைத் திருகினால் மூன்றும் ஒன்றாக நகர்ந்து, உருண்டையான தண்டைத் தானாகவே மையத்தில் கவ்வும். நான்கு தாடை சக்கில் ஒவ்வொரு தாடைக்கும் தனித் திருகு. ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி மையம் பார்க்க வேண்டும். முதலாவது வேகம், இரண்டாவது பொறுமை. கோணல்மாணலான வார்ப்பைக்கூட நான்கு தாடை சக் பிடிக்கும். கை பழகியவர் ஒரு கோடுகூட முள் அசையாமல் மையத்தில் நிறுத்துவார்.

மரம் கடைபவர்களுக்கென்று வந்தது இரண்டின் நல்ல குணத்தையும் எடுத்துக்கொண்டது: நான்கு தாடை, ஆனால் நான்கும் ஒன்றாக நகரும். ஏன் நான்கு? மரவாடியில் வாங்கும் கட்டை பெரும்பாலும் சதுரம். மூன்று தாடை அதைக் கவ்வாது. நான்கு தாடை சதுரத்தையும் பிடிக்கும், வட்டத்தையும் பிடிக்கும். இன்னொரு காரணம் மரத்தின் மென்மை. இரும்புக்கான தாடை குறுகலானது. மூன்று விரலால் கிள்ளுவது போலப் பிடிக்கும். இரும்பு அதைத் தாங்கும், மரம் நசுங்கும். மரத்துக்கான தாடைகள் அகன்ற வில்கள். நான்கும் சேர்ந்தால் கிட்டத்தட்ட முழு வட்டம். கோழிக்குஞ்சை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடுவது போல, எல்லாப் பக்கமும் அணைத்துப் பிடிக்கும்.

நான்கும் ஒன்றாக நகர்வது எப்படி? ஒரு நாள் என் சக்கைப் பிரித்துத் துடைக்கும்போது பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு தட்டு. அதன் முகத்தில் கொசுவத்திச் சுருள் போல ஒரே ஒரு சுருள் கோடு, நடுவிலிருந்து ஓரம் வரை. தட்டின் முதுகில் பற்கள். சாவியின் பல் அந்தப் பற்களைத் தள்ளத் தட்டு சுழலும். சுருள் சுழல, அதில் பல் பதித்திருக்கும் தாடைகள் உள்ளே ஊரும். எதிர்ப்பக்கம் திருகினால் வெளியே. சுருள் வழித் தாடை சக்குக்கு 1840-இல் அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் என்பவர் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

இதில் நான் மிகவும் ரசிப்பது தாடைகளின் எண்கள். 1, 2, 3, 4 என்று தாடையிலும் பொறித்திருக்கும், அது போகவேண்டிய காடியிலும் பொறித்திருக்கும். பார்வைக்கு நான்கும் ஒன்றுபோல இருந்தாலும் அடியில் பற்கள் தொடங்கும் இடம் வேறு. சுருளின் வாய் முதல் காடியைக் கடக்கும்போது முதல் தாடையை விட வேண்டும். கால் சுற்று கழித்து வாய் இரண்டாம் காடிக்கு வரும். அதற்குள் சுருள் ஒரு வரியின் கால் பங்கு நகர்ந்திருக்கும். அந்தக் கால் பங்கை ஈடுகட்டத்தான் இரண்டாம் தாடையின் பற்கள் தள்ளித் தொடங்குகின்றன. வரிசை மாற்றிப் போட்டால் தாடைகள் உள்ளே போகும், மையத்தில் சேராது. நான்கு துண்டு இரும்பு, தனக்குரிய இடத்தில் தனக்குரிய நேரத்தில் இறங்கினால் மட்டுமே ஒரு மையம் பிறக்கிறது.

இனி அந்த எட்டு வடுக்களுக்கு வருகிறேன். தாடைகளைச் செய்யும்போது முழு வளையமாகக் கடைந்து, பிறகு நான்காக அறுக்கிறார்கள். ஆகவே ஒரு குறிப்பிட்ட திறப்பில் மட்டும்தான் நான்கும் சேர்ந்து சரியான வட்டம். 50 மில்லிமீட்டர் தாடை என்றால், கிட்டத்தட்ட மூடிய நிலையில், அந்த அளவை ஒட்டி. கிண்ணத்தின் அடியில் நாம் விடும் கழுந்து அதே அளவில் இருந்தால் தாடையின் உள்முகம் முழுவதும் மரத்தைத் தொடும். வடுவே விழாது. கழுந்து பெரிதானால் தாடையின் வளைவு மரத்தின் வளைவைவிடக் குறுகலாகிவிடும். ஒவ்வொரு தாடையிலும் இரு ஓர முனைகள் மட்டும் கடிக்கும். நான்கு தாடை, எட்டு முனை, எட்டு வடு. கழுந்து சிறிதானால் தாடையின் நடுப்பகுதி மட்டும் தொடும். நான்கே இடத்தில் பிடி. என் பூவரசங் கிண்ணத்துக்கு 58 மில்லிமீட்டர் கழுந்து விட்டிருந்தேன். எட்டு மில்லிமீட்டர் அலட்சியத்தை மரம் எட்டுப் புள்ளியாக எழுதி வைத்துவிட்டது.

கழுந்தின் அழகு அளவோடு முடிவதில்லை. தாடையின் உள்முகம் சில டிகிரி சாய்ந்திருக்கும். கழுந்தையும் அதே சாய்வில், அடி அகன்று கழுத்து ஒடுங்கும்படி கடைய வேண்டும். இறுக்க இறுக்கத் தாடை மரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கழுந்தின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது. கழுந்தைச் சுற்றியுள்ள தோள்தான் தாடையின் நெற்றியில் பதிய வேண்டும். மரத்தை நேராக நிறுத்துவது அந்தத் தோள். குறுக்கு நாரில் கடையும் கிண்ணத்தில், கழுந்தின் இரண்டு பக்கம் நாரின் நீளவாட்டு, இரண்டு பக்கம் நாரின் வெட்டுமுகம். ஒரே அழுத்தத்துக்கு இரண்டும் ஒரே அளவு நசுங்காது. அதனால் இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இறுக்குவது வழக்கம். இரண்டாம் முறை சாவி இன்னும் கொஞ்சம் போகும். மரம் தன் இடத்தில் அமர்ந்துவிட்டது என்று கைக்குத் தெரியும் அந்த ஒரு கணம் எனக்குப் பிரியமானது.

நுட்பத்தைச் சோதிப்பது எப்படி என்று அண்ணன்தான் காட்டினார். கையோடு டயலும், கிரைண்ட் செய்த இரும்புத் தண்டு ஒன்றும் கொண்டுவந்தார். தண்டைத் தாடையில் கவ்வவைத்து, டயலின் நுனியைத் தாடையை ஒட்டித் தண்டின்மேல் வைத்தார். சக்கைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஒரு கோடு என்பது 0.01 மில்லிமீட்டர்.

“நாலு கோடு ஆடுதுண்ணே.”

“தாடை கிட்ட எல்லா சக்கும் நல்ல பிள்ளைதான். மூணு அங்குலம் வெளிய வச்சுப் பாரு தம்பி. அங்கதான் குணம் தெரியும்.”

வெளியே வைத்தேன். முள் பதினொரு கோடு போய் வந்தது. எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் எதுவும் சொல்லாமல் தண்டை எடுத்தார், சக்கைக் கழற்றினார், ஸ்பிண்டிலின் தோளில் சுண்டுவிரலை ஓட்டினார். விரல் நுனியில் ஒரு துகள் மரத்தூள். சக் ஸ்பிண்டிலில் மறையோடு ஏறினாலும், நேராக நிற்பது பின்னால் இருக்கும் அந்தத் தோளில் சாய்ந்துதான். அங்கே ஒரு துகள் இருந்தாலும் சக் முழுவதும் ஒரு பக்கம் சாயும். தள்ளிப் போகப் போகச் சாய்வு பெருகும். துடைத்து மாட்டியதும் வெளியே ஐந்து கோடு. “இப்ப மத்த ஓட்டைல சாவியப் போட்டு இறுக்கு” என்றார். என் சக்கில் சாவித்துளை இரண்டு. இரண்டாவதில் இறுக்கியபோது நான்கு கோடு. சுருள் தட்டுக்குத் தன் இருப்பிடத்தில் கொஞ்சம் இடைவெளி உண்டு. எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறோமோ அதற்கேற்ப அது சாயும். அந்தத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தார். அன்று முதல் கடைசி இறுக்கம் பொட்டு வைத்த துளையில்தான்.

மரத்துக்கு எதற்கு இவ்வளவு நுட்பம் என்று கேட்பவர்கள் உண்டு. இன்று வட்டமாக இருக்கும் பச்சை மரம் காய்ந்தால் நீள்வட்டமாகிவிடும். அதில் நான்கு கோடு பார்ப்பானேன்? நானும் அண்ணனிடம் கேட்டேன். “மரம் ஆடும், ஒத்துக்கறேன். சக்கும் ஆடினா, எந்த ஆட்டம் யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?” என்றார். இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. சக் நேராக இருந்தால், மிச்சமுள்ள கோணல் மரத்துடையது அல்லது நம் கையுடையது. இரண்டையும் திருத்த வழி உண்டு.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு குங்குமச் சிமிழ் கடைந்து பாருங்கள். சக்கின் நுட்பத்துக்கு அதைவிட நல்ல பரீட்சை இல்லை. ஒரே கட்டையை இரண்டு தலையிலும் கழுந்து விட்டுக் கடைந்து, மூடி வேறு உடல் வேறாக அறுக்கிறோம். மூடியை மாட்டி உள்ளே குடைகிறோம். கழற்றுகிறோம். உடலை மாட்டிக் குடைந்து, வாயைச் சுற்றி மூடி உட்காரும் விளிம்பைக் கடைகிறோம். பிறகு மூடியை உடலின்மேல் அழுத்தி, இரண்டையும் ஒன்றாகச் சுழலவிட்டு வெளிப்பக்கத்தை மெருகிடுகிறோம். இரண்டு தடவை மாட்டியதிலும் மையம் ஒன்றாக இருந்தால் மட்டுமே மூடியின் சுவரும் உடலின் சுவரும் எல்லாப் பக்கமும் சம கனத்தில் இருக்கும். சுவர் இரண்டு மில்லிமீட்டர் கனம். அரை மில்லிமீட்டர் விலகினால் ஒரு பக்கம் ஒன்றரை, மறுபக்கம் இரண்டரை. கண் அதை உடனே பிடித்துவிடும். சரியாக வந்தால், மூடும்போது உள்ளே அகப்பட்ட காற்று மூடியைக் கொஞ்சம் தாங்கும். மெல்ல இறங்கி அமரும். திறக்கும்போது சின்னதாக ஒரு ‘பப்’. கட்டையில் தொடங்கிய நார் வரி, அறுத்த இடத்தைத் தாண்டி மூடியிலும் தொடர்ந்து ஓடும். மரவேலை தெரியாதவர்கள்கூட அந்தச் சத்தத்துக்காக மூடியைத் திரும்பத் திரும்பத் திறப்பார்கள்.

பல வேலைக்கு வளைந்துகொடுக்கும் குணம் சக்கின் உடலில் இல்லை, தாடையில் இருக்கிறது. உடலை ஒரு முறை வாங்கினால் போதும். அடித்தாடை உள்ளேயே இருக்கும். மேல்தாடையைத் திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். சிமிழுக்கும் மிளகு அரைவைக்கும் 25 மில்லிமீட்டர் ஊசித் தாடை. அன்றாடக் கிண்ணத்துக்கு 50. அகலத் தாம்பாளத்துக்கு 100. அடிப்பக்கத்தில் வட்டக் குழி வெட்டி, தாடைகளை உள்ளேயிருந்து விரித்தும் பிடிக்கலாம். அப்போது குழியைச் சுற்றித் தாராளமாக மரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நார் வழியே விரிசல் ஓடும். கடைசியாக, முடிந்த கிண்ணத்தைக் கவிழ்த்து, ரப்பர் முளைகள் வைத்த அகலத் தாடையில் விளிம்பைப் பிடித்து, கழுந்தைக் கடைந்து நீக்கலாம். பிடித்த தடமே மறைந்துபோகும். என் பூவரசங் கிண்ணத்தின் கழுந்தை மட்டும் பாதமாகவே விட்டுவைத்தேன், பாடத்துக்காக.

உலகில் பேர் பெற்ற சக்குகளில் நியூசிலாந்து வழி வந்த நோவா, ஆஸ்திரேலியாவின் விக்மார்க், கனடாவின் ஒன்வே, இங்கிலாந்தின் ரெக்கார்ட் பவர் முன்னால் நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். விக்மார்க்கும் நோவாவும் சாய்ந்த கழுந்தைக் கேட்கும். ஒன்வேயின் வழக்கமான தாடை நேரான கழுந்துக்கு ஏற்ப வடித்தது. பெயரைவிட முக்கியம் மறை. உங்கள் ஸ்பிண்டில் எம்33×3.5 மறையா, அங்குலத்துக்கு எட்டுச் சுற்று வரும் ஓர் அங்குல மறையா என்று முதலில் பாருங்கள். சில சக்குகள் மறைக்கென்று தனி இன்செர்ட் வைத்து வரும். லேத் மாறினாலும் சக் கூடவே வரும். மறையே உடலில் வெட்டியிருந்தால் இணைப்பு ஒன்று குறைவு, ஆட்டத்துக்கு வாய்ப்பும் குறைவு. ஒரே லேத்தோடு இருப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பன்னிரண்டு அல்லது பதினான்கு அங்குலம் சுழலும் லேத்துக்கு 100 மில்லிமீட்டர் உடல் கொண்ட நான்கு தாடை சக், 50 மில்லிமீட்டர் தாடை, இவை போதும். மற்ற தாடைகளை வேலை கேட்கும்போது வாங்கலாம். தாடையை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். எந்த இடத்திலும் சாவி கரகரக்கக் கூடாது. தாடைகள் உடலுக்கு வெளியே நீட்டியபடி லேத்தை ஓட்டாதீர்கள். சக்கில் சாவி இருக்கும்வரை உங்கள் கை சாவியின்மேல் இருக்கட்டும். கையை எடுக்கும்போது சாவியையும் எடுத்துவிடுங்கள். வாங்கப் போகும்போது பையில் ஒரு டயலையும், நேரான ஓர் இரும்புத் தண்டையும், பழந்துணி ஒன்றையும் கொண்டுபோங்கள். தோளைத் துடைத்துவிட்டு, மூன்று அங்குலம் தள்ளி வைத்துப் பாருங்கள்.